வேங்கடத்து அடிவாரத்தில் வானொலிப் பாட்டு



சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில், கார்வேட்டிநகரத்துக்கு அண்மையில், வெதுருகுப்பம் என்றோர் ஊர் இருக்கிறது. தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில். நம் சங்க நூல்களில் 'வெதிர்' என்று வருவதும் அதே மூங்கில்தான். 'குப்பம்' என்பது சிற்றூர். ஆகவே இவ்வூரின் பெயரைத் தெலுங்கர் தெலுங்காகவே படிப்பர். தமிழர் தமிழாகவே படிப்பர். இருவரில் எவரும் பிழை செய்தவர் ஆகார். இத்தகைய ஓர் ஊரிலே வானொலிப் பெட்டி ஒன்று பாடத் தொடங்கியபோது அது எந்த மொழியிற் பாடிற்று, எவ்வகைப் பாட்டைப் பாடிற்று, கேட்டவர்கள் எதை விரும்பினார்கள் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

வெளிமாநிலத் தமிழர் என்று சொன்னவுடன், பெட்டியும் படுக்கையுமாக இரயிலேறிப் பம்பாய்க்கோ தில்லிக்கோ கல்கத்தாவுக்கோ சென்றவர்களையே நாம் நினைக்கிறோம். இரயிலேறாமலே வெளிமாநிலத்தவர் ஆனவர்களும் உண்டு. சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் உருவாயிற்று. அதன் பெரும்பகுதி அதுவரை வடஆர்க்காட்டோடு சேர்ந்திருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்னை மாகாணத்தில் இருந்த அந்த மாவட்டம், 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அவ்வூர்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் தத்தம் திண்ணையை விட்டு ஓர் அடியும் நகரவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைக் கடந்து சென்றது. அந்தக் கோட்டைத் தாளில் வரையலாம். காற்றிலே வரைய இயலாது. இவ்வரலாற்றில் வானொலி புகும் இடம் இதுவே.

தென்னாட்டு வானொலியின் தொடக்கத்தைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். 1924-ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அதன் ஒலிபரப்பு தொடங்கியது. பணமுடையால் மூன்றாண்டுகளில் கழகம் ஓய்ந்தது. அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஒலிபரப்பைத் தானே நடத்தியது. கடற்கரைக்குக் காற்று வாங்கச் சென்றவர்கள் ஒலிபெருக்கியிலே பாட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிய காலம் அது. பின்னர் 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பெற்றது. அடுத்த ஆண்டு மே 16-இல் திருச்சி நிலையம் வந்தது.

சென்னை நிலையம் தமிழ் நிலையம் மட்டும் அன்று என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன. பிற்காலத்தில் தெலுங்கு மெல்லிசைக்கே ஓர் இலக்கணம் வகுத்தவராகப் போற்றப்பெற்ற பாலாந்திரபு ரஜனீகாந்த ராவ், 1941-இல் பணியிற் சேர்ந்தது சென்னை நிலையத்தில்தான். 1947 ஆகஸ்டு 15-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். பாரதியார் சுதந்திரத்தை வாழ்த்திப் பாடிய பள்ளுப் பாட்டை டி. கே. பட்டம்மாள் சென்னை வானொலியிலே பாடினார். ரஜனீகாந்த ராவ் இயற்றிய தெலுங்குச் சுதந்திர கீதத்தை டங்குடூரி சூரியகுமாரி பாட, அதையும் அதே நிலையம் ஒலிபரப்பியது. சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வானொலி வைத்திருந்தவருக்கு அன்று விடுதலை இரண்டு மொழியிலும் வந்து சேர்ந்தது. பெட்டியின் முள்ளைத் திருப்பவேண்டிய தேவையும் இருந்திராது.

1948 டிசம்பர் முதல் நாள் விஜயவாடா நிலையம் தொடங்கியது. தெலுங்கு மக்களுக்கு அது பெருமகிழ்ச்சி. ஆயினும் வெதுருகுப்பத்திலிருந்து விஜயவாடா முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சென்னையோ நேர்கோட்டில் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள். மத்திய அலையின் இயல்பைச் சற்றே சொன்னால் இதன் பொருள் விளங்கும். பகற்பொழுதில் மத்திய அலை நிலத்தை ஒட்டியே செல்லும். தொலைவு மிகுந்தால் மெலிந்துவிடும். மேல்வானத்தில் கதிரவனின் ஒளியால் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு, மேலே செல்லும் அலைகளைப் பகலில் உறிஞ்சிவிடுகிறது. இரவில் அவ்வடுக்கு கலைந்துபோக, அலைகள் அதற்கும் மேலுள்ள அடுக்கிற் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு சென்று இறங்குகின்றன. ஆகவே பகலில் வேங்கடத்து அடிவாரத்துக்குத் தெளிவாகக் கேட்கக்கூடிய பெருநிலையம் சென்னையே. 1953-க்குப் பின்பும் அப்படித்தான். அலுவலகத் தாள்கள் கர்னூலுக்குப் போயின, பிறகு ஐதராபாத்துக்குப் போயின. காலைப் பாட்டு மட்டும் சென்னையிலிருந்தே வந்தது. 1963-இல் கடப்பையில் நிலையம் ஏற்பட்ட பின்னரே தெலுங்கு ஒலிபரப்பு அண்டை வீட்டுக் குரலாயிற்று.

அந்நாளில் வானொலிப் பெட்டி எளிய பொருள் அன்று. அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும். மின்சாரம் வராத ஊரில் பாட்டரி வேண்டும். ஊருக்கு ஒன்றோ இரண்டோ பெட்டி இருந்தால், அதனைச் சுற்றித்தான் கூட்டம். இதனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. தமக்குப் பிடித்ததை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோக எவராலும் இயலவில்லை. கச்சேரி கேட்க வந்தவர் கிராமிய நிகழ்ச்சியையும் கேட்டார். திரைப்பாட்டுக்குக் காத்திருந்த இளைஞர் அதற்கு முன்னால் வந்த தோடியையும் பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொண்டவர் சிலர் அதிலேயே ஆழ்ந்துபோனதும் உண்டு.

வானொலி, பாட்டுகளை வகை வகையாகப் பிரித்து வைத்தது: சாஸ்திரிய சங்கீதம், பக்தி இசை, மெல்லிசை, கிராமிய இசை, திரை இசை என்று. நிலையத்தாருக்கு அப்பிரிவினை இன்றியமையாதது. நேரம் ஒதுக்க வேண்டும், கலைஞரைத் தேர்வு செய்ய வேண்டும், தரம் குறிக்க வேண்டும், ஊதியம் கொடுக்க வேண்டும். ஆயின் பாட்டு அந்த அறைகளுக்குள் அடங்கி இருந்ததா? சித்தூரின் பெயரைத் தாங்கிய இருவரைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

முதலாமவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898-இல் சித்தூர் மாவட்டத்துப் புங்கனூர்ப் பகுதியிற் பிறந்தவர். அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. தாளக் கணக்கில் நிகரற்றவர் என்றும், திருப்புகழின் சந்தங்களைக் கச்சேரி மேடையிலே முழக்கியவர் என்றும் நாயனாப் பிள்ளையைப் பெரியோர் புகழ்வர். அவர் இசைத்தட்டுக்குப் பாட இசையவில்லை. 1934-இல் மறைந்தும் போனார். சென்னை நிலையம் பிறந்ததோ 1938-இல். அந்தக் குரல் எந்தக் கருவியிலும் பதியாமலே காற்றோடு கலந்துவிட்டது. அவருடைய பாணி என்று நேயர்கள் எதையேனும் வானொலியிலே கேட்டார்கள் என்றால், அது இந்தச் சித்தூர் மாணவரின் வழியாகக் கேட்டதே. தமிழ்க் காஞ்சியின் தாளமும் திருப்புகழும் தெலுங்கு நாட்டுக் குரலொன்றிலே தங்கி, அங்கிருந்து மீண்டும் தமிழ்நாட்டுக்கு ஒலித்தன. 1954-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி என்னும் சிறப்பு அவருக்குக் கிடைத்தது.

இத்துணைக் கடுமையான லயப் பயிற்சி பெற்றவரை மக்கள் எந்தப் பாட்டுக்காகக் கொண்டாடினார்கள் தெரியுமா? பல்லவிக்காக மட்டும் அன்று. வடமதுரையிலே மோர் விற்கப் போகும் ஆய்ச்சி ஒருத்தி, வழிமறிக்கும் கண்ணனிடம் தன்னைப் போகவிடுமாறு கெஞ்சுவதாக அமைந்த தெலுங்குப் பாட்டு ஒன்று. ஆனந்தபைரவி ராகம். சாஸ்திரியப் பாட்டு என்பதா, பக்திப் பாட்டு என்பதா, தெருப்பாட்டு என்பதா? மூன்றும் பொருந்தும். மோர்ப்பானையைத் தலையிற் சுமந்து சந்தைக்குப் போகிறவளைச் சித்தூர்ச் சீமையில் எவரும் நேரிற் பார்த்திருப்பர். அவளுடைய குரலை அவர்களுக்குப் பொருள் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அவர் கச்சேரியென்றால் அவையோர் அப்பாட்டை எதிர்பார்ப்பது வழக்கமாயிற்று.

அவருடைய மாணவர்களில் தலைசிறந்தவர் மதுரை சோமசுந்தரம், நாம் மதுரை சோமு என்று அன்புடன் அழைக்கும் பாடகர். தமிழ்ப் பாடல்களை மணிக்கணக்கில் பாடி விடியவிடியக் கோயில் திருவிழாக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். 1972-இல் வெளிவந்த 'தெய்வம்' என்னும் திரைப்படத்தில் மருதமலை முருகன்மேல் அவர் பாடிய பாட்டு, குன்னக்குடி வைத்தியநாதனின் இசையிலே, வானொலி நேயர் விருப்பங்களில் ஓயாது ஒலித்தது. அது திரைப்பாட்டு என்ற வரிசையில் வந்தது. ஆயின் அதன் தாளவேகத்தைக் கூர்ந்து கேட்டால், மருதமலையிலிருந்து சித்தூருக்கும் சித்தூரிலிருந்து காஞ்சிக்கும் போகும் ஒரு பாதை தெரியும். இசைத்தட்டுக்கு இணங்காத நாயனாப் பிள்ளை திரைப்படத்தின் வழியாக நம் வீட்டுக்குள் வந்தார் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இரண்டாமவர் சித்தூர் வி. நாகையா. அவர் பிறந்த மண் குண்டூர் மாவட்டத்து ரேபள்ளை. சித்தூர் இராமவிலாச சபையின் நாடகங்களிலே நடித்துப் புகழ்பெற்றதால் அவ்வூர்ப் பெயர் அவருக்கு முன்னொட்டாயிற்று. 1946-இல் வந்த 'தியாகய்யா' படத்தில் தியாகராஜ சுவாமிகளாக நடித்து, அவருடைய கீர்த்தனைகளைத் தாமே பாடினார். தமிழர்களுக்கு அவர் 1941-இன் 'அசோக்குமார்', 1945-இன் 'மீரா' ஆகிய படங்களின் நாகையா. தியாகராஜரின் கீர்த்தனையைச் சபையிலே பாடினால் சாஸ்திரிய சங்கீதம்; நாகையா படத்திலே பாடினால் திரை இசை. அட்டவணை போடுபவருக்கு இது வேறுபாடு. திண்ணையிலே கேட்டவருக்கு அன்று.

பிரித்து வைப்பதிலே சில வேளை அநீதியும் நேர்ந்தது. ஆர்மோனியத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். அது நம் இசையின் நுண்ணிய கமகங்களுக்கு ஒவ்வாத கருவி என்று கருதப்பட்டு, 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கப்பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பன்னிரண்டு கட்டைகளில் நின்று ஒலிக்கும் கருவியால் ஒரு தோடியின் காந்தாரத்தை அசைத்துக் காட்ட முடியாது. ஆயின் வடஆர்க்காடும் சித்தூரும் சேர்ந்த சீமையின் தெருக்கூத்தை எண்ணிப் பாருங்கள். திரௌபதியம்மன் திருவிழாவிலே பாரதக் கதையைப் பகலிற் சொல்லி இரவிற் கூத்தாக ஆடும் மரபு அங்கே தமிழிலும் உண்டு, தெலுங்கிலும் உண்டு. அக்கூத்துக்கு முகவீணையும் மத்தளமும் தாளமும் துணை; காலப்போக்கில் ஆர்மோனியமும் அதனோடு சேர்ந்துகொண்டது. கச்சேரி மேடையின் அளவுகோலால் ஒரு கருவியை விலக்கியபோது, அந்த அளவுகோலைக் கேட்டேயிராத களத்துமேட்டுக் கலைஞரின் துணையும் வாயிலிலேயே நின்றுவிட்டது. வெதுருகுப்பத்துச் சுற்றுவட்டாரத்தில் எந்த இசையைக் கேட்டு மக்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்களோ, அந்த இசையின் முழு ஒலி நெடுங்காலம் அவர்களுடைய வானொலியிலே கேட்கவில்லை.

திரைப்பாட்டுக்கும் ஒரு சோதனை வந்தது. 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதமே வானொலியின் முதற்கடமை எனக் கொண்டார். அவ்வாண்டு ஜூலையில் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சி அவர் காலத்துப் பெருங்கொடை; நாடெங்குமுள்ள வித்துவான்களை நாடெங்கும் கேட்கச் செய்தது. திரைப்பாடல்களுக்கோ இடம் குறுகியது. நேயர்கள் என்ன செய்தார்கள்? வாதாடவில்லை, முள்ளைத் திருப்பினார்கள். 1950-இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி அவர்களை வரவேற்றது. எஸ். பி. மயில்வாகனத்தின் தமிழ், கடல் கடந்து வந்து தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரல்போலப் புழங்கியது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவிதபாரதி பிறந்ததற்கு இவ்விடப்பெயர்ச்சியே பெரிய காரணம். இதற்கிடையில் திரைப்பாட்டுக்கு மாற்றாக வானொலியே உருவாக்க முயன்றதுதான் மெல்லிசை. கவிஞரின் நல்ல சொல், எளிய இராகச் சாயல், சிறிய வாத்தியக்குழு: இம்மூன்றும் சேர்ந்த அந்தப் பாட்டுகளில் பல, ஒலித்த அன்றே மறைந்தன என்பது வருத்தமே. இசைத்தட்டாக வந்த திரைப்பாட்டு நிலைத்தது. நிலையத்திற் பிறந்த மெல்லிசை பெரும்பாலும் கேட்டவரின் நினைவிலே மட்டும் தங்கியது.

மொழியைப் பற்றிய வழக்கு ஒன்றும் இதற்கு முன்பே எழுந்தது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடும், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் 1943-இல் அமைந்த தமிழ் இசைச் சங்கமும், தமிழ் நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்றன. அது நியாயமான வேண்டுகோள். கேட்பவருக்குப் பொருள் விளங்காத பாட்டை மட்டுமே கேட்கச் செய்வது எந்நாட்டிலும் வழக்கம் அன்று. ஆயின் அவ்வழக்கின் சூட்டில் தெலுங்குப் பாட்டை அயலார் பாட்டு என்று சிலர் பேசியபோது, அவர்கள் சித்தூரை மறந்துவிட்டனர். கார்வேட்டிநகரத்து வேணுகோபாலன்மேல் சாரங்கபாணி பாடிய தெலுங்குப் பதங்கள் அந்தச் சீமையின் சொந்தச் சொத்து. அங்குள்ள தமிழர்க்கும் அவை வீட்டுப் பாட்டே. காஞ்சி நாயனாப் பிள்ளையின் திருப்புகழ்ச் சந்தம் அதே சீமையின் தெலுங்கர்க்கு அயல் என்று எவரும் சொல்லத் துணியார்.

தொலைவிலுள்ள நேயர்களுக்கு இது வேறொரு வகையில் தெரிந்திருக்கும். பம்பாயிலோ கல்கத்தாவிலோ இருந்தவர்கள் பகலில் சென்னையை எட்ட முடியாமல், இரவு வந்ததும் இரைச்சலின் நடுவே அந்த நிலையத்தைத் தேடினார்கள். நாகசுரத்தின் ஓசை எழுந்து, மங்கி, மீண்டும் எழும். கிடைத்ததைக் கேட்டார்கள், எவ்வகைப் பாட்டு என்று தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. ஊரில் இருந்தபோது கச்சேரியை விரும்பாதவர்கூட, பம்பாயின் மாடிக் குடியிருப்பிலே ஓர் ஆலாபனைக்காகக் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்தார். ஒரு பாட்டு நமக்குப் பிடித்ததாவதற்கு அதன் வகையோ தரமோ காரணம் என்று நினைக்கிறோம். அதை எங்கிருந்து கேட்டோம் என்பதும் பாதிக் காரணம்.

மீண்டும் வேங்கடத்துக்கு வருவோம். தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாக அம்மலையைத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. எல்லையில் நிற்கும் மலைக்கு இரு பக்கமும் உண்டு அன்றோ? அங்கிருந்து வானொலி நமக்குக் கொண்டுவந்த பாட்டுகளைப் பாருங்கள். வேங்கடேச சுப்ரபாதத்தை வடமொழியில் இயற்றியவர் காஞ்சியைச் சேர்ந்த பிரதிவாதி பயங்கரம் அண்ணா; மணவாள மாமுனிகளின் சீடர். எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய அதன் இசைத்தட்டு 1963-இல் வெளிவந்தது. விடியற்காலை என்றாலே அந்தக் குரல் என்று ஆயிற்று. 1922-இல் திருமலைக் கோயிலின் செப்பேடுகள் வெளிப்பட்டதால், பதினைந்தாம் நூற்றாண்டின் தாள்ளபாக்கம் அன்னமாசாரியாருடைய தெலுங்குப் பாடல்கள் மீண்டும் உலகுக்குத் தெரிந்தன. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் அவற்றுக்கு இராகம் அமைத்தனர். வானொலியும் இசைத்தட்டும் அவற்றைப் பரப்பின. நானூறு ஆண்டுகளுக்கு மேல் செப்பேட்டில் உறங்கிய பாட்டு, ஒரு தலைமுறைக்குள் தமிழ் வீடுகளிலும் காலைப்பாட்டு ஆயிற்று.

மார்கழியில் மட்டும் அம்மலையில் ஒழுங்கு மாறுகிறது. அம்மாதம் முழுதும் திருமலையில் சுப்ரபாதம் ஒலிப்பதில்லை. அதற்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. ஆந்திர மண்ணில், தெலுங்கு பேசும் அடியார் கூட்டத்தின் நடுவே, நாள்தோறும் ஒரு தமிழ்ப் பாசுரம் பெருமாளைத் துயிலெழுப்புகிறது. அதே மாதத்தில், அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் இராகம் அமைத்த திருப்பாவைப் பாடல்கள் எம். எல். வசந்தகுமாரியின் குரலிலே வானொலியில் விடியுமுன் வந்தன. அடிவாரத்து ஊர்களில் பனி இறங்கிய இருட்டிலே பெட்டியைத் திருப்பியவர்களுக்கு, மேலே மலையிலும் கீழே வீட்டிலும் ஒரே முப்பது பாட்டு. தை பிறந்ததும் மலையிலே சுப்ரபாதம் திரும்பவும் தொடங்கும்.